ஒன்பதாவது கேள்விக்கு வந்த பதில்

மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே சித்தூரில் நானும் உன் நைனாவும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று எழுத வேண்டும், ஆனால் அதை நான் எப்படி நம்புவது? போனில் எப்போது கேட்டாலும் ‘பாகுன்னானும்மா’, நன்றாக இருக்கிறேன் என்கிறாய். காய்ச்சலில் படுத்திருந்த வாரமும் அதையேதான் சொன்னாய். உன் அறைத் தோழன் உளறியதால்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதனால் சுக விசாரணையை விட்டுவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று பக்கங்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இது போனில் பேசுகிற சங்கதி இல்லை. போனில் சொன்னால் நடுநடுவே ‘சரிம்மா, சரிம்மா’ என்று வெட்டுவாய். தாளில் எழுதினால் உனக்கு அந்த வசதி கிடையாது. தெலுங்கு மீடியத்தில் படித்து, தமிழை ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொண்டவன் நீ. எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி, அவசரமில்லை.

ஊர்களுக்குப் போய் ஆராய்ச்சி செய்வதற்கு முன்னால், தெரிந்த ஒருவரிடம் ஒரு பேட்டி எடுத்துப் பழகச் சொன்னார்கள் என்றாய். நீ மூன்று வேளையும் சாப்பிடுகிற மெஸ்ஸில் சமைக்கிற சலோமி அக்காவிடம் எடுத்தாய். இருபது கேள்வி. அவள் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, இங்கிலீஷில் மாற்றுவதற்கு முன்னால் ‘தமிழ் சரியா கீதான்னு பாரும்மா’ என்று எனக்கு அனுப்பினாய். பார்த்தேன். இருபத்தெட்டு வருஷம் டீச்சராக இருந்தவள் சொல்கிறேன், தமிழ் சரியாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஆனால் ஒன்பதாவது கேள்வியில் கண் நின்றுவிட்டது. எந்த வகுப்புவரை படித்தீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டிருக்கிறாய். ‘அஞ்சாவது. எனக்குப் படிப்பு ஏறல. எங்கம்மா போ போன்னுதான் சொல்லிச்சு. நான்தான் போகல’ என்று பதில் எழுதியிருக்கிறாய். பக்கத்தில் சிவப்பு மையில் ‘படிப்பில் ஆர்வமின்மை’ என்று ஒரு குறிப்பு வேறு. உங்கள் சார் இதை வகுப்பில் தெலுங்கில் சொல்லக் கேட்டுப் பாராட்டினார் என்றும், இதைத்தான் வரும் திங்கட்கிழமை கொடுக்கப்போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். கொடுப்பதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள். அந்தப் பதில் பொய். உன் கையால் எழுதப்பட்டு, அவள் பெயரில் நிற்கப்போகிற பொய். அது பொய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்லி முடித்த பிறகு நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் மூன்று நாள் கழிந்துவிட்டது.

நான் சந்தேகக்காரி. இதை நீ சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உன் நைனா எனக்கு சிஐடி என்று பேர் வைத்திருக்கிறார். நம் தெருப் பால்காரர் என்னைக் கண்டாலே, நான் கேட்பதற்கு முன்பே, அளவுப் படியைக் கவிழ்த்துக் காட்டுவார். உன் நைனாவோ நேர்மாறு. யார் எதைச் சொன்னாலும் ‘அப்படியா?’ என்று வாயைப் பிளந்து கேட்பார். ஒரு வீட்டில் இரண்டு பேரும் அப்படி இருந்தால் வீடு மிஞ்சாது என்று நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீசிட்டியில் கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு என்று இருந்த வேலையை விட்டுவிட்டு, மறுபடி படிக்கப்போகிறேன், அதுவும் டெவலப்மெண்ட் ஸ்டடீஸ் என்று நீ வந்து நின்றபோது, இதில் ஒரு பெண் இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். நீ குளிக்கப் போன சமயம் உன் பையைத் திறந்து பார்த்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்லலாம், ஆனால் இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தாலும் பார்ப்பேன். பையில் பெண் யாரும் இல்லை. பாடத்திட்டம்தான் இருந்தது.

அதைப் புரட்டினேன். வறுமை என்று ஒரு பாடம், வறுமையை அளப்பது எப்படி என்று இன்னொரு பாடம். ஊருக்குள் போய் வீடு வீடாக ஏறி, என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்து எழுதுவது எப்படி என்று அதற்குள் ஒரு பகுதி. அதைப் படித்ததும் கையில் இருந்த தாளை அப்படியே மடித்து உள்ளே வைத்துவிட்டேன். அன்றிலிருந்து நான் உன் படிப்புக்கு எதிரி ஆனேன். சம்பளம் போகிறதே என்று கத்துகிறேன் என்று நீ நினைத்தாய். ஆலயத்தில் ஒரு பெரியவர், டெவலப்மெண்ட் என்றால் ப்ளாட் போட்டு விற்பதா என்று கேட்டார். உன் நைனா ‘ஆமா, அந்த மாதிரிதான்’ என்று தலையாட்டினார். அந்த அவமானத்தில் நான் குதிக்கிறேன் என்றும் நினைத்தாய். இரண்டும் இல்லை. வீடு ஏறி வறுமையை அளக்கிற வேலையை நானும் செய்திருக்கிறேன், டிகிரி வாங்காமலே. அதை நீ செய்யக்கூடாது என்று பயந்தேன்.

போன வருஷம் உன்னைத் திருப்பதியில் சேர்க்க வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். யூனிவர்சிட்டிக்குப் பக்கத்துச் சந்தில் அறை பார்த்துவிட்டு, அந்த மெஸ்ஸில் சாப்பிட்டோம். சாப்பாடு ருசியாக இருந்தது, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. சோடா உப்பு போடுகிறார்களா, பழைய எண்ணெயா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனேன். நீ தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் நின்றாய். அதனால் உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. அடுப்பின் முன்னால் நின்றிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ‘டீச்சரம்மா, நல்லா கீறீங்களா? நான் சலோமி, மங்களம்மா பொண்ணு’ என்றாள். அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அம்மா நிற்பதைப்போலவே, ஒரு தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றாள். நான் ‘எந்த மங்களம்மா? ஞாபகம் வரலயேம்மா’ என்றேன். பச்சைப் பொய். அவள் முகம் மாறவில்லை. எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள், எல்லாரையும் நினைவு வைத்துக்கொள்ள முடியுமா என்று அவளே எனக்குச் சமாதானம் சொன்னாள். பிறகு வாசல் பக்கம் உன்னைப் பார்த்து, ‘தம்பி இனிமே இங்கதான் துன்னப்போகுதா? நான் பாத்துக்கிறேன் டீச்சரம்மா’ என்றாள்.

சித்தூர் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். பார்த்துக்கொள்கிறேன் என்றாளே, என்னத்தைப் பார்த்துக்கொள்வாள்? அதற்குப் பிறகு நீ போனில் அவளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் எடை போட்டுக்கொண்டே இருந்தேன். லேட்டாக வந்தாலும் எனக்குக் குழம்பு எடுத்து வைத்திருந்தாள் என்பாய். காய்ச்சல் விஷயம் வெளியே வந்த பிறகு, கஞ்சி காய்ச்சி அறைக்கே கொடுத்துவிட்டாள் என்றாய். வேறு மெஸ் பார் என்று நான் மூன்று தடவை சொன்னேன். எண்ணெய் சரியில்லை என்றேன். தூரமாக இருந்தாலும் வேறு இடம் நல்லது என்றேன். நீ என் சுத்தத்தைக் கிண்டல் செய்துவிட்டு அங்கேயே சாப்பிட்டாய். கஞ்சியில் எதையாவது கலந்துவிடுவாள் என்று நான் பயந்தேனா என்று கேட்டால், ஆமாம், ஒரு நாள் அப்படியும் பயந்தேன். ஒருத்திக்குக் கெடுதல் செய்தவளுக்கு, அவள் கையால் வருகிற கஞ்சியும் பயமாகத்தான் இருக்கும்.

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த பள்ளியை ஒட்டி, நம் சபைகளைச் சேர்ந்த ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு போர்டிங் இருந்தது. ஆறாவதிலிருந்து பத்தாவதுவரை தங்கிப் படிக்கலாம், செலவு ஒன்றும் கிடையாது. இடம் கொஞ்சம், மனு நிறைய. எந்த வீடு நிஜமாகவே கஷ்டப்படுகிற வீடு என்று நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். வார்டனம்மா துணைக்கு என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். ஏன் என்னை என்று உனக்கே தெரியும். நகரிப் பக்கம் ஒரு வீட்டில் டிவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். நான் காலை நீட்டி இடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். இன்னொரு வீட்டில் கறவை மாட்டைப் பக்கத்துக் கொட்டகையில் கட்டிவிட்டுக் கன்றை மறந்துவிட்டார்கள். அது நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று கத்தோ கத்தென்று கத்தியது. இதையெல்லாம் நான் ஸ்டாஃப் ரூமில் நடித்துக் காட்டுவேன், எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். இந்த டீச்சரை ஏமாற்ற முடியாது என்று ஒரு பேர் வந்தது. அந்தப் பேர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நீ பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், கங்காதர நெல்லூரைத் தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊருக்குப் போனோம். இரண்டு பக்கமும் கரும்பு. மங்களம்மாவின் புருஷன் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, அவள் கரும்பு வெட்டப் போய்க் குடும்பத்தை நடத்துகிறாள் என்று மனுவில் எழுதியிருந்தது. வீடு ஒரே அறைதான். ஆனால் உள்ளே நுழைந்ததும் நான் அசந்துபோனேன். எங்களுக்காக மூன்று இரும்பு நாற்காலி போட்டிருந்தது. பூப்போட்ட துணி விரித்து ஒரு மேசை. சுவரில் கடிகாரம். கண்ணாடி டம்ளரில் கலர், தட்டில் மிக்சர், அடுப்பில் கோழிக்குழம்பு. பத்து வயசு சலோமி சரிகை வைத்த கவுன் போட்டுக்கொண்டு நின்றாள், கவுன் அவள் அளவுக்குப் பெரியது. வார்டனம்மா கேட்டுக்கொண்டதும் வேதத்தை எடுத்து ஒரு அதிகாரம் வாசித்தாள். எங்கேயும் தடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படி வாசித்து நான் அதிகம் கேட்டதில்லை. படிப்பு ஏறவில்லையாம்! இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் குரல் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது.

மங்களம்மா குழம்பைப் பார்க்க அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் வார்டனம்மா என்னைப் பார்த்தார், என்ன நினைக்கிறாய் என்று கண்ணால் கேட்டார். நான் தாழ்ந்த குரலில், வசதியான வீடும்மா, நம்மை முட்டாளாக்கப் பார்க்கிறார்கள் என்றேன். கோழி அடித்து எங்களை வளைக்கப் பார்க்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்போதே கண்ணில் பட்டவை சில இருந்தன. கடிகாரம் மாட்டியிருந்த ஆணி புதுசு, அதன் கீழே தரையில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து கிடந்தது. அதைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. இல்லாததுபோல நடிக்கிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குப் பழக்கம். இருப்பதுபோலக் காட்டுகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதுவரை சொன்னதோடு நிறுத்திக்கொண்டால், அம்மா பாவம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று நினைப்பாய். எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். அதனால் அடுத்ததைக் கவனமாகப் படி. சாப்பிட்டு எழுந்தபோது நான் என் நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்தேன். அதன் முதுகில் வெள்ளைப் பெயின்டில் அந்த ஊர் சபையின் பேர் எழுதியிருந்தது. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாற்காலி ஆலயத்தினுடையது. மேசை யாரோ ஒருத்தர் வீட்டுடையது, கடிகாரம் இன்னொருத்தர் வீட்டுடையது, கவுன் வேறு ஏதோ பிள்ளையுடையது. வருகிறவர்கள் போர்டிங்கிலிருந்து வருகிறார்கள், பெரியவர்கள், ஊழியக்காரர்கள், அவர்களைத் தரையில் உட்கார வைக்கக்கூடாது என்று தெருவே சேர்ந்து அந்த வீட்டை ஜோடித்திருக்கிறது. வார்டனம்மா முன்னால் போய்விட்டார், அவர் அதைப் பார்க்கவில்லை. நான் ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா, நான் சொன்னது தப்பு, இது இரவல் வாங்கி ஜோடித்த வீடு என்று. சொல்லவில்லை. சற்றுமுன்தான் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லியிருந்தேன், அதை என் வாயாலேயே மாற்ற எனக்கு மனசு வரவில்லை. என்னையும் ஏமாற்ற முடியும் என்று ஆகிவிடுமே என்று பார்த்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து படிவத்தில் ‘வசதி உண்டு’ என்று எழுதினேன். அவ்வளவுதான், ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்தது.

என் குற்றத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குகிற விஷயம் ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து வந்த அதிகாரி யாராவது அந்த நாற்காலியைப் பார்த்து ஏமாந்திருந்தால் மன்னித்துவிடலாம். நான் எந்த வீட்டில் பிறந்தேன்? எங்கள் வீட்டில் பாஸ்டர் ஜெபம் பண்ண வருகிறார் என்றால் முதல் நாளே அலைச்சல் ஆரம்பிக்கும். எங்கள் நைனா எதிர்வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் மாட்டுவார். நான் பீங்கான் கோப்பை கேட்டு இரண்டு தெரு போவேன். பாஸ்டர் கிளம்பின பிறகு எல்லாவற்றையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழையபடி ஈயத் தம்ளரில் காப்பி குடிப்போம். நம் சபைகளில் எந்த வீட்டில் இதைச் செய்யவில்லை? வருகிறவரை மதிக்கிறோம் என்று காட்ட எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இவ்வளவும் தெரிந்த நான்தான், எங்களைப்போலவே செய்த ஒருத்தியைப் பிடித்து, பொய்க்காரி என்று தீர்ப்பு எழுதினேன்.

போர்டிங்கில் இடம் கிடைத்தவர்களின் பட்டியல் ஒட்டிய மறுவாரம் மங்களம்மா சித்தூருக்கு வந்தாள். நான் வகுப்பில் இருந்தேன். மணி அடிக்கும்வரை வராந்தாவில் நின்றிருந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள், அழுது ஊரைக் கூட்டப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். அவள் அழவில்லை. குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: ‘சேரு போட்டது தப்பா டீச்சரம்மா?’ அப்போதாவது நான் அவளை வார்டனம்மாவிடம் அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். பத்து எட்டு நடந்தால் அவர் அறை. நான் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். சரிங்க டீச்சரம்மா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வருஷம் அந்த வீட்டிலிருந்து மனு வரவில்லை. பெண்ணைத் திருப்பதியில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டாள் என்று அந்த ஊர்ப்பிள்ளை ஒருத்தி சொல்லிக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகும் பல வருஷம் நான் வீடு பார்க்கப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஸ்டாஃப் ரூமில் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது உன் ஒன்பதாவது கேள்வி. சலோமி ஏன் உன்னிடம் பொய் சொன்னாள்? மூன்று நாளாக இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறேன். மறந்திருப்பாளோ என்று முதலில் நினைத்தேன். என்னை அடுப்படியில் ஒரு பார்வையில் அடையாளம் கண்டவள் எப்படி மறப்பாள்? மெஸ்ஸுக்கு வருகிற பையனைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று மழுப்பினாளோ? அதற்கு, வீட்டில் கஷ்டம் என்று ஒரு வார்த்தை போதுமே. நீ இதை எனக்கு அனுப்புவாய் என்று தெரிந்து, என்னைக் குத்துவதற்காக அப்படிச் சொன்னாளோ என்றும் பார்த்தேன். நீ தாளை எனக்கு அனுப்பப்போவது உனக்கே அப்போது தெரியாது. எந்த உள்நோக்கத்தை எடுத்தாலும் பொருந்தவில்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான், அதை நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கேட்டவன் யார் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையின் எதிரில் அம்மாவைக் குறைவாகப் பேசக்கூடாது என்று, பழியை எடுத்துத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். அம்மா போ என்றுதான் சொன்னாள், நான்தான் போகவில்லை என்று உன் தாளிலேயே இருக்கிறபடி செத்துப்போய்விட்ட தன் அம்மாவையும் காப்பாற்றினாள், உயிரோடு இருக்கிற உன் அம்மாவையும் காப்பாற்றினாள். இது புரிந்தபோது நான் அழுதேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ராஜா. இந்த வயதில் மகனிடம் இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்பதில் வந்த வெட்கம் இல்லை. அவளைப்போல என்னால் ஒருபோதும் செய்திருக்க முடியாது என்று தெரிந்ததில் வந்த வெட்கம்.

படிப்பை விடு என்று இனி சொல்லமாட்டேன். ஆனால் இனிமேல் என் சந்தேகமெல்லாம் உன்மேல்தான் இருக்கும், அதைத் தெரிந்துகொள். அடுத்த மாதம் நாராயணவனம் பக்கத்து ஊர்களுக்கு சர்வேக்குப் போகிறோம், டேப்லெட் கொடுப்பார்கள் என்றாய். நாற்காலி இருக்கிறதா, கடிகாரம் இருக்கிறதா என்று கேட்கும், ஆம் அல்லது இல்லை என்று தட்ட வேண்டும் என்று நீயே சொன்னாய். நீ ஒரு வீட்டு வாசலில் நிற்கும்போது அந்த வீட்டுக்காரர்கள் டேப்லெட்டைப் பார்க்கமாட்டார்கள், உன்னைத்தான் பார்ப்பார்கள். இவன் யார், இவனை யார் அனுப்பினார்கள், இவன் மனசு நோகாமல் என்ன சொல்லலாம் என்று பார்ப்பார்கள். சிலர் இருப்பதை ஒளிப்பார்கள், சிலர் இல்லாததைக் காட்டுவார்கள். அதற்காக எல்லாரும் பொய்யர்கள் என்று ஆகிவிடாது. பொய்யர்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு வீட்டைப் பார்த்து உன் மனசுக்குள் நிச்சயம் என்று ஒன்று தோன்றினால், தட்டுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு நாள் போ. முதல் நாள் சொன்னது தப்பு என்று தெரிந்தால் உன் சாரிடம் போய் நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான் அந்தச் சிரிப்புக்குப் பயந்ததால்தான் இவ்வளவும் நடந்தது.

அந்தத் தாளை என்ன செய்வது என்று கேட்பாய். அவள் சொன்ன பதிலை அடிக்காதே, அது அவள் உனக்குக் கொடுத்தது. சிவப்பு மையில் நீ எழுதினதை மட்டும் அடித்துவிடு. நான் இங்கே எழுதியதை அதில் சேர்க்கலாமா கூடாதா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், நீயோ நானோ முடிவு செய்யக்கூடாது. இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டாதே. நான் சொல்ல வேண்டியதை நீ போய்ச் சொன்னால், மறுபடியும் உன் முகத்துக்காக அவள் பரவாயில்லை என்று சொல்லிவிடுவாள். அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். நானே வருகிறேன். உன் நைனாவிடம் நேற்றுத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, நானும் வரட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தபாலுக்கு நேரமில்லை, இந்தத் தாள்களைப் போட்டோ எடுத்து உன்னைப்போல வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடுகிறேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக் கூட்டம் அடங்கினதும், மூன்று மணி வாக்கில், மெஸ்ஸுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்பேன். நீ உள்ளே போய், எங்கம்மா உங்ககிட்டப் பேசணும்னு வந்திருக்காங்க என்று மட்டும் சொல். எதற்கு என்று கேட்டால் தெரியாது என்று சொல். சொல்லிவிட்டு நீ அறைக்குப் போய்விடு, பக்கத்தில் நிற்காதே. அவள் வந்தால் என்ன பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன், அங்கே போனதும் எல்லாம் மறந்துவிடும் என்றும் தெரிகிறது. அவள் வராமலும் போகலாம், அது அவள் இஷ்டம். கைவேலை இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லலாம். முடியாது என்று நேராகவே சொல்லலாம். அப்படிச் சொன்னால் நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவேன், நீ என்னைத் தேற்ற வேண்டியதில்லை. ஆனால் உன் படிப்பு உனக்கு என்ன கற்றுக்கொடுத்திருந்தாலும் சரி, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவளிடம் ஏன் என்று கேட்காதே.

அம்மா